555 புத்தகமும் ஒரு பால் ஜாயிண்டும்

"கொட்டக், கொட்டக். இடது முன் சக்கரம்." சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்ன 555 புத்தகம்தான் என் காடிக்கும் கணக்குப் புத்தகம். சட்டைப் பையில் அடங்கும். எண்ணெய் மாற்றிய நாள், டயர் வாங்கிய கடை, பேட்டரி செத்த மழை இரவு எல்லாம் அதில் இருக்கின்றன. காடி 90-களின் டொயோட்டா கொரோலா. எஸ்இஜி ரகம் என்றால் பினாங்கில் எந்தப் பட்டறையிலும் தெரியும். அப்பா வாங்கியது. அவர் போன பிறகு விற்க மனம் வரவில்லை.

*

தலைப்பில் உள்ள சாமானைத் தமிழ்நாட்டில் பால் ஜாயிண்ட் என்று எழுதுகிறார்கள். இங்கே வாயில் வருவது போல் ஜொயிண்ட். மெக்கானிக்கை மெக்கானிக் என்றும் சொல்வதில்லை, போமன். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் அதே சொல்தான். ஆங்கில ஃபோர்மேன் இந்த ஊர் வெயிலில் தேய்ந்து போமன் ஆகியிருக்கிறது. ஷாக் அப்சார்பரில் பாதி உதிர்ந்து அப்சோபர் ஆனதும் இப்படித்தான்.

*

முதலில் செய்த தவறையும் எழுதி வைக்கிறேன். சத்தம் என்றதும் ஒரு பட்டறைக்குப் போனேன். காடியைத் தூக்கக்கூட இல்லை. முன் மூலையைக் கையால் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்து, "அப்சோபர் போச்சு" என்றார்கள். இரண்டு முன் அப்சோபரும் மாற்றினேன். 480 வெள்ளி, அதாவது ரிங்கிட். இரண்டு வாரம் சத்தம் அடங்கினாற்போல இருந்தது. பிறகு அதே கொட்டக். பணம் போனதைவிட, அந்த இரண்டு வாரமும் பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டினேனே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

*

அதன் பிறகு சத்தத்தையே எழுத ஆரம்பித்தேன்.

செவ்வாய், காலை. ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம், நின்று நின்று நகரும்போது இரண்டு முறை.

செவ்வாய், மாலை. பட்டர்வொர்த் போகப் பினாங்குப் பாலம் ஏறினேன். 80-இல் ஒன்றுமே இல்லை. பாலத்தின் இணைப்புகளில் டடக் டடக் என்று தாளம் வந்தது. ஆனால் அது நான்கு சக்கரத்துக்கும் பொது, நம் சத்தம் இல்லை.

புதன். பள்ளி வாசல் வேகத்தடை, எங்கள் பேச்சில் போங்கோல். மெதுவாக ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. கொஞ்சம் வேகமாக ஏறினால் கேட்கவில்லை.

வியாழன். நல்ல மழை. சத்தம் பாதி.

வெள்ளி. வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். ஒரே ஒரு டக். பாதத்தில் அதிர்ந்தது.

சனிக்கிழமை ஜெலுத்தோங் பக்கம் இருக்கும் ஒரு கிழவரிடம் போனேன். தகரக் கூரை, இரண்டே காடி நிற்கும் இடம். புத்தகத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கடைசி வரி வரை படித்தார். "மழையில கொறையுதுன்னு எழுதியிருக்கீங்களே தம்பி, அதுதான் விசயம். தண்ணி உள்ள போகுது. ரப்பர் கிழிஞ்சிருக்கும்." காடியைத் தொடுவதற்கு முன்னால் சொன்னது இது.

*

பால் ஜாயிண்ட் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்கு: இரும்புக் குண்டு ஒன்று, அதிலிருந்து நீளும் ஒரு காம்பு. குண்டு ஒரு கிண்ணத்துக்குள் அடைபட்டிருக்கும். கிண்ணத்தின் உட்புறம் வழவழப்பான பிளாஸ்டிக். சுற்றிலும் கிரீஸ். வாயை மூட ஒரு ரப்பர் உறை. பள்ளிக்கூடத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று இடுப்பெலும்புப் படம் வரைந்தோமே, அதேதான். கிண்ணம் லோவர் ஆம் என்ற கீழ்க் கையில் இருக்கும். காம்பு சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் நுழையும். சக்கரம் மேலும் கீழும் குதிக்கவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் அனுமதிப்பது எலுமிச்சம்பழ அளவுகூட இல்லாத இந்தக் குண்டுதான்.

முன்பு இதன் இடத்தில் கிங் பின்தான். அமெரிக்கக் காடிகளில் முன் சக்கரத்துக்குப் பால் ஜாயிண்டை முதலில் வைத்தது 1952-இன் லிங்கன். தாத்தாவிடம் இருந்த மோரிஸ் மைனரில் இது கிடையாது. கீழே திருகுமரை போட்ட ட்ரன்னியன் என்ற துண்டு இருக்கும். அதற்குக் கிரீஸ் கன் பிடிக்க மறந்தால் மரை தேய்ந்து கழன்று, சக்கரம் மடங்கிவிடும். கிரீஸ் அடிக்காமல் தாத்தா வெளியூர்ப் பயணம் கிளம்பியதே இல்லை என்று அப்பா சொல்வார். இப்போது வருகிற பெரும்பாலான ஜாயிண்டுகளில் கிரீஸ் அடிக்க வழியே இல்லை, மூடி முத்திரை போட்டு வருகின்றன. அதனால் நமக்கும் கீழே குனிகிற பழக்கம் விட்டுப்போனது. என் கணக்கில் இதுதான் பெரிய இழப்பு. கிரீஸ் அடிக்கக் குனிந்தவன் கிழிந்த ரப்பரையும் பார்த்திருப்பான்.

*

கிழவர் செய்த சோதனை. நான் கூடவே குனிந்து பார்த்ததால் வரிசை மறக்கவில்லை.

நடு கிராஸ் மெம்பருக்குக் கீழே ஜாக் வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தார். சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. டயரை மணி மூன்று, ஒன்பது நிற்கும் இடத்தில் இரு கையால் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. "டை ராட் எண்ட் நல்லாருக்கு." அடுத்து பன்னிரண்டு, ஆறு. கீழ்க் கையை உள்ளே தள்ளி மேல் கையை வெளியே இழுத்தபோது மெல்லிய டிக். என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்துக்கொண்டே இருந்தேன். மறுபடி ஆட்டினார். டிக் நிற்கவில்லை. பேரிங் தேய்ந்திருந்தால் பிரேக் மிதித்ததும் அந்த ஆட்டம் அடங்கிவிடும். டிஸ்க்கை பேட் கவ்விக்கொள்ளும் அல்லவா. அடங்காததால் பேரிங் இல்லை, கீழே ஜாயிண்டுதான்.

பிறகு நீளமான கம்பி ஒன்றை லோவர் ஆமுக்கும் நக்கிளுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். "வெரல இங்க வைங்க." ரப்பர் உறையின் மேல் விரலை வைத்தேன். அவர் நெம்பியபோது காம்பு மேலெழுந்து அமர்ந்தது விரல் நுனியில் தெரிந்தது. இரண்டு மில்லிமீட்டர் இருக்கலாம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தப்பாது. விரலை எடுத்துப் பார்த்தால் கறுப்புச் சேறு. கிரீஸ் இல்லை அது. கிரீஸும் மணலும் தண்ணீரும் அரைபட்ட குழம்பு.

வலது பக்கமும் அப்படியே பார்த்தார். அங்கே விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ரப்பர் மட்டும் வெடிப்பு விட்டிருந்தது.

*

ஜாக் வைக்கிற இடம் பற்றித் தனியாக எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் பலர் தவறுவது இங்கேதான். என் கொரோலா, புரோட்டோன் சாகா, கஞ்சில், மைவி எல்லாவற்றுக்கும் முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட். காடியின் எடை ஸ்பிரிங் வழியாக ஸ்ட்ரட்டில் இறங்குகிறது. கீழ் ஜாயிண்ட் எடை சுமப்பதில்லை, சக்கரத்தை இடத்தில் பிடித்து வைக்கிறது. அதனால் சட்டத்தில் ஜாக் வைத்துச் சக்கரத்தைத் தொங்க விட்டால் ஆட்டம் தெரிந்துவிடும். ஸ்பிரிங் நேராக லோவர் ஆம் மேல் உட்காரும் பழைய காடிகளும் வேன்களும் வேறு. அவற்றில் கீழ் ஜாயிண்ட்தான் சுமை தாங்குகிறது. சட்டத்தைத் தூக்கினால் ஸ்பிரிங் ஆமைக் கீழே தள்ளி ஜாயிண்டை இறுக்கியே வைத்திருக்கும், தேய்ந்தது தேயாதது போல நடிக்கும். அவற்றுக்கு ஜாக் லோவர் ஆமுக்குக் கீழே, சக்கரத்தை ஒட்டி வைக்க வேண்டும். எந்த வண்டிக்கு எது என்று தெரியாமல் ஆட்டிப் பார்த்து "நல்லாருக்கு" என்று சொல்வதைவிடப் பார்க்காமலே இருக்கலாம்.

*

எடை சுமக்கவில்லை என்பதால் ஆபத்து குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். பிரேக் பிடிக்கும் விசையும் வளைவில் தள்ளும் விசையும் அந்தக் குண்டின் கழுத்தில்தான் விழுகின்றன. கிண்ணத்தின் வாய் தேய்ந்து அகன்றால் ஒருநாள் குண்டு வெளியே வந்துவிடும். சில வருடங்களுக்கு முன் பாயா தெருபோங் சாலையோரத்தில் ஒரு காடி அப்படி நின்றதைப் பார்த்தேன். ஒரு முன் சக்கரம் வெளிப்பக்கம் சரிந்து, மட்கார்டு டயர் மேல் உட்கார்ந்திருந்தது. முன்னங்கால் முறிந்த மாடு போல. ஓட்டியவர் நடைபாதையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மெதுவாகத் திரும்பும்போது நடந்ததாம். இதே விஷயம் அங்கிருந்து பாலிக் புலாவுக்கு மலையேறி இறங்கும் துன் சார்டோன் சாலையில் நடந்திருந்தால்? அந்த வளைவுகளில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தக் குண்டு பாடம் சொல்லியிருக்கிறது. 2005-இல் டொயோட்டா அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப், எஸ்யூவி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது குண்டின் மேற்பரப்பில் கீறல் விழுந்திருக்கலாம், அதனால் சீக்கிரம் தேயலாம் என்பது காரணம். ஒரு கீறல்.

*

இங்கே சொந்தக் காடிக்கு ஆண்டுதோறும் சோதனை கிடையாது. லாரி, பஸ் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நம் காடி கைமாறும்போதுதான் சோதனைக் கூடத்துக்குப் போகும். இதற்கென்று 1994-இல் வந்ததுதான் புஸ்பகோம் நிறுவனம். அப்பா வாங்கி மகன் ஓட்டி, யாருக்கும் விற்காமல் முப்பது வருடம் ஓடும் வண்டியின் அடிப்பாகத்தை எவர் பார்ப்பார்? பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எண்ணெய் மாற்றப் போகும்போது சக்கரத்தையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம்.

*

ரப்பர் எப்போது கிழிந்தது? தெரிந்துகொள்ள ஆசைதான். 2017 நவம்பர் 4, 5 வெள்ளத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர், காடி ஓர் இரவு முழுக்க நின்றது. அன்றே கீறல் இருந்திருந்தால் அன்றே நீர் இறங்கியிருக்கும். அது போக இது தீவு. கடற்காற்றில் உப்பு. தஞ்சோங் பூங்கா பக்கம் வெளியே நிற்கிற காடிகளின் அடியைப் பார்த்தால் தெரியும், போல்ட் தலை எல்லாம் செம்பழுப்பு. கிரீஸ் போன இடத்தில் உப்புத் தண்ணீர் உட்கார்ந்தால் குண்டின் மேல் துரு புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் உளி. திரும்பத் திரும்ப பிளாஸ்டிக் கிண்ணத்தை அரம் போல அராவும்.

*

பொருள் வாங்கியது. டாத்தோ கெராமட் சாலைப் பக்கம் ஓர் உதிரிபாகக் கடை. கடை முதலாளி, தவுக்கே, கேட்டார்: "ஜப்பானா, சாதாவா?" ஜப்பான் 555 என்றேன். ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் சாமான்களுக்கு அந்த 555 பெயர் இங்கே ரொம்பக் காலமாக நிற்கிறது. டப்பாவில் 555, பையில் இருந்த புத்தகத்தின் மேல் 555. இரண்டையும் கல்லா மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், தவுக்கே சிரித்துவிட்டார். ஒன்று 58 வெள்ளி. இரண்டு வாங்கினேன்.

ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் காடிகளின் சாமான் விற்கும் கடைகளில், ஆமோடு சேர்த்து முழுதாகவே மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். கதவு, விளக்கு, இன்ஜின்கூட அங்கே வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன். ரப்பரும் கிரீஸும் உள்ள ஜாயிண்டை மட்டும் வாங்க மாட்டேன். எத்தனை வருடம் எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்.

*

தைப்பூச வாரம். 1894-இல் காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்த வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் நாள் கிழவர் பட்டறையைத் திறக்க மாட்டார். சாலை எல்லாம் தேங்காய்ச் சிதறல். இரண்டு நாள் காடியை எடுக்கவில்லை. "வேலைக்கு ஓட்டிட்டு போறேனே அண்ணே, மெதுவா" என்று கேட்டிருந்தேன். "மெதுவா போனா மெதுவா கழறும். பஸ்ல போங்கலா." பஸ்ஸில் போனேன்.

*

கழற்றியது. பட்டறை திறந்த முதல் நாள், காலை ஒன்பது.

முந்தின நாளே நட்டுகளுக்குத் துரு எண்ணெய் அடித்து வைக்கச் சொல்லியிருந்தார். இரவு முழுக்க ஊறியது. முன்பக்கம் இரண்டையும் ஒன்றாகத் தூக்கினார். ஒன்றை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு ஆமை மேலே இழுக்கும், கீழே இறக்கப் போராட வேண்டி வரும்.

காம்பின் முனையில் கோட்டை மதில் போல வெட்டு விட்ட நட்டு. அதன் குறுக்கே ஸ்ப்ளிட் பின். நம் மாட்டு வண்டிக் கடையாணியின் பேரன். துருப்பிடித்து ஒரு கால் முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. இருபது நிமிடம் அதற்கே போனது. நட்டைத் தளர்த்தினால் முழுக்க வெளியே வராது, மேலே டிரைவ் ஷாஃப்ட் மூட்டு இடிக்கும். அதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நட்டு சில மரையில் நிற்பதே நல்லது, காம்பு பட்டென்று விடும்போது ஆம் கீழே பாய்ந்து கையில் அடிக்காது.

காம்பு கூம்பு வடிவம். கூம்பான துளைக்குள் ஏறி இறுகியிருக்கும், பல வருடம் ஆனால் ஒட்டியே போய்விடும். இரண்டு பல் உள்ள முள்கரண்டி போன்ற கருவியை அடித்து ஏற்றிப் பிரிப்பதுண்டு. பழைய ஜாயிண்டை எறியத்தான் போகிறோம் என்றால் சரி, ரப்பர் கிழிந்தாலும் பாதகமில்லை. கிழவர் அதை எடுக்கவில்லை. நக்கிளில் காம்பு நுழையும் வளையத்தின் பக்கவாட்டில் சுத்தியல் ஒன்றை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் அடித்தார். காம்பைத் தொடவே இல்லை. ஐந்தாவது அடியில் டப் என்று விட்டது. வளையம் ஒரு நொடி நெளிந்து கொடுக்கும், கூம்பு பிடியை விடும். நாற்பது வருடக் கை.

அதன் பின் லோவர் ஆமில் ஒரு போல்ட், இரண்டு நட்டு. இந்தக் கொரோலாவில் அது ஒரு புண்ணியம். ஜாயிண்ட் தனியாக வரும். ஆமோடு ஒன்றாக வார்த்தோ, அழுத்தி ஏற்றியோ வரும் காடிகளில் பிரஸ் தேவை, சிலவற்றில் ஆமையே மாற்ற வேண்டும். நீளக் கம்பியால் ஆமைக் கீழே அமுக்கிப் பிடிக்கும் வேலை எனக்கு. "சக்கரப் பக்கத்த வெளிய இழுக்காதீங்க தம்பி, ஷாஃப்ட் உள்ளேருந்து கழண்டுக்கும்." இழுக்கவில்லை.

*

புதியதை மாட்டும்போது கவனித்தவை. கூம்பும் துளையும் துணியால் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். அங்கே கிரீஸ் தடவக்கூடாது, வழுக்கி அளவுக்கு மேல் ஏறிவிடும். நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கினார். சொன்ன அளவு வந்ததும் பார்த்தால் பின் துளை நேரே வரவில்லை. நான் கொஞ்சம் தளர்த்தினால் நேராகுமே என்றேன். கையைத் தட்டிவிட்டார். துளைக்காக ஒருபோதும் பின்னால் திருப்பக்கூடாது, முன்னால்தான் போக வேண்டும், அடுத்த வெட்டு வரும் வரை. பின் புதியது. பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது ஐம்பது காசு மிச்சம் பிடிக்கிற வேலை.

வலது பக்கத்தையும் மாற்றச் சொன்னேன். ஆட்டம் இல்லையே, இன்னும் ஓடும் என்றார். உண்மைதான். ஆனால் வெடித்த ரப்பர் அடுத்த மழைக்காலத்தில் கிழியும். இரண்டு கூலியும் சேர்த்து 120 வெள்ளி. முதலில் கொடுத்த 480-ஐ இங்கே எழுதிக் கூட்டப் போவதில்லை.

*

பழைய இடது ஜாயிண்டை அறுத்துக் காட்டச் சொன்னேன். கிரைண்டரால் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி அறுத்தார். குண்டு உருண்டு கையில் விழுந்தது. பாதி கண்ணாடிபோல் மின்னியது. மறுபாதியில் பழுப்புத் துரு, நகத்தால் தடவினால் சொரசொரப்பு. விரலால் உருட்டினால் முழு உருண்டை இல்லை, ஒரு பக்கம் தட்டை. கிண்ணத்தின் பிளாஸ்டிக் மஞ்சளித்து, வாய்ப்பக்கம் தாள் கனத்துக்கு மெலிந்திருந்தது. ஓர் ஓரத்தில் உடைந்து ஒரு துணுக்குத் தனியாகக் கிடந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், அந்தப் பக்கம் தெரிந்தது. அவ்வளவு மெல்லியது என் குடும்பத்தைப் பாலத்தின் மேல், கடலுக்கு மேல் 8.4 கிலோமீட்டர், போகவும் வரவும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கிழவர் ஒன்றும் சொல்லவில்லை. இரும்புக் குப்பைக் கூடையை என் பக்கம் தள்ளினார். நான் போடவில்லை, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

*

அலைன்மெண்ட் அன்று மாலையே. ஜாயிண்ட் மாறினால் சக்கரத்தின் நிலை துளி மாறும். இடது டயரின் உள்விளிம்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தது. சத்தம் வருவதற்கு முன்பே டயர் சொல்லியிருக்கிறது, நான் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். இனி ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்து உள்பக்கமும் தடவிப் பார்க்க வேண்டும்.

*

ஞாயிறு. பள்ளி வாசல் போங்கோல், சன்னல் இறக்கி, வானொலி அணைத்து. ஏறும்போது இல்லை. இறங்கும்போது இல்லை. வீட்டு வாசலில் முழுக்க ஒடித்து ரிவர்ஸ். இல்லை.

ஒரு வாரம் கழித்து, 410 கி.மீ. டார்ச் அடித்துப் பார்த்தது: இரண்டு ஸ்ப்ளிட் பின்னும் உள்ளன, கால்கள் மடங்கியபடி. ரப்பர் உறைகள் சுத்தம், கிரீஸ் கசிவு இல்லை. அடுத்து பார்க்க வேண்டியது: எண்ணெய் மாற்றும் நாள்.